ஒன்றாக அறுத்தது, நான்காகப் போனது

எண்டோஸ்கோப்பி அறையில் கட்டியை வெட்டுவது டாக்டர்தான் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. வாய் வழியாக உள்ளே போகும் குழாயை வளைத்து, திருப்பி, நுனியை ஓரிடத்தில் நிறுத்துவதிலேயே டாக்டரின் இரண்டு கைகளும் தீர்ந்துபோகும். குழாய்க்குள்ளிருந்து நீளும் கம்பி வளையத்தை அவர் கட்டியின் மேல் போடுவார். அதை இறுக்குவது பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன். எவ்வளவு இறுக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும்.

இரண்டாம் எண் அறையில் பத்தொன்பது வருடமாக அந்தக் கை ஒரே ஆளுடையது. வளையத்துக்கு அங்கே ஸ்னேர் என்று பெயர். அதனால் அவர் ஸ்னேர் அக்கா. வயது நாற்பத்தேழு. அவரைவிடப் பதினொரு வயது மூத்த பெரிய டாக்டரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஸ்னேரைப் பிடிப்பதற்கு முன், அக்கா குழாய்களைக் கழுவுகிற பக்கத்து அறையில் நான்கு வருடம் நின்றிருக்கிறார். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "நான் மேலயும் கீழயும் போறேன், இவ உள்ளயும் வெளியயும் போறா" என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் ஒரே ஜோக். யாரும் சிரிக்காவிட்டாலும் நிறுத்துவதில்லை.

ஸ்னேரை இறுக்கும்போது கை சொல்லிவிடும் என்பார் அக்கா. கட்டி மட்டும் மாட்டியிருந்தால் ஈரப் பஞ்சை அமுக்குகிற மாதிரி இருக்கும். குடலின் தசையும் சேர்ந்து மாட்டியிருந்தால் கைப்பிடி ரப்பரைப் போல எதிர்த்துத் தள்ளும். "தசை மாட்டியிருக்கு டாக்டர், விடுறேன்" என்று தளர்த்திவிடுவார். அதற்கு மேல் யாரும் மறுபேச்சு பேசியதில்லை. தசையோடு அறுத்தால் குடலில் ஓட்டை.

அந்த வருடம் அக்காவின் நாத்தனாருக்குக் கட்டி வந்தது.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் திட்டித் திட்டி, அந்தக் கோபமெல்லாம் உள்ளே இறங்கித்தான் நெஞ்செரிகிறது என்று இரண்டு மாதம் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். அக்காதான் கையைப் பிடித்து இழுத்துவந்து குழாய் விடவைத்தார். இரைப்பையில் ஒன்றுமில்லை. நெஞ்செரிச்சலுக்குக் காரணம் வேறு. ஆனால் குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் நுழைந்ததும், இரண்டாவது வளைவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளிறிய ஒரு திட்டு. பதினாறு மில்லிமீட்டர். தேடிப் போகாத இடத்தில் கிடைத்த புதையல் என்றார் நாத்தனார். பயாப்சி முடிவு: ஆரம்பநிலைக் கட்டி. விட்டால் புற்றாக மாறக்கூடும். இப்போது எடுத்தால் வயிற்றைத் திறக்காமலேயே எடுத்துவிடலாம்.

எப்படி எடுப்பது என்பதில்தான் சிக்கல். சிறுகுடலின் அந்த முதல் சாண் நீளம் குடல் முழுவதிலும் பொல்லாத இடம். சுவர் மெல்லியது. அதன்மேல் பித்தநீரும் கணையநீரும் ஓயாமல் வழிந்துகொண்டிருக்கும். மேலே புண் ஆனால் அந்த நீர்களே புண்ணையும் செரிக்கப் பார்க்கும். இன்றைக்கு நன்றாக இருக்கிற புண் நாளை மறுநாள் ஓட்டையாகலாம்.

அந்தப் பிரிவில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருந்தன. முதலாவது, கட்டிக்கு அடியில் ஊசியால் திரவம் செலுத்தி, கொப்புளம்போல வீங்கவைத்து, ஸ்னேரால் அறுப்பது. இரண்டாவது, ஊசியே போடாமல் குடலுக்குள் தண்ணீர் நிரப்புவது. தண்ணீரில் கட்டி இலைபோல மேலே மிதக்கும், தசை கீழேயே தங்கிவிடும், மிதக்கிறதை மட்டும் வளைத்து அறுக்கலாம். மூன்றாவது, குழாய் வழியாகச் சின்னஞ்சிறு மின்கத்தியை விட்டு, கட்டியைச் சுற்றிக் கீறி, அடியோடு உரித்தெடுப்பது. முதல் இரண்டும் இருபது நிமிட வேலை. மூன்றாவது இரண்டு மணி நேரம்.

சின்ன டாக்டர் ஆறு வருடக் கணக்கை ஒரு தாளில் அட்டவணை போட்டிருந்தார். முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்; பேனாவைக் காதில் செருகிவிட்டு அறை முழுக்கத் தேடுகிறவர். அட்டவணைப்படி, தண்ணீர் முறையில் எடுத்த முப்பத்தொரு கட்டிகளில் ஒரே துண்டாக வந்தது ஒன்பதுதான். கத்தி முறையில் இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று. ஆனால் கத்தி நான்கு பேருக்குக் குடலை ஓட்டை போட்டிருந்தது. இருவருக்கு வயிற்றைத் திறந்து தைக்கவேண்டி வந்தது. தண்ணீரில் ஓட்டை ஒன்றுகூட இல்லை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஓட்டை விழுந்தா தைக்கலாம். மிச்சம் வச்சா திரும்ப முளைக்கும். முழுசா வந்தாத்தான் ஓரம் சுத்தமான்னு பயாப்சில சொல்ல முடியும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல எல்லாத்துக்கும் இனி கத்திதான். அடுத்த வியாழன் கூட்டத்துல விதியாவே போட்டுருவோம்."

நாத்தனாருக்குத் தேதி அதற்கடுத்த திங்கட்கிழமை. பதினாறு மில்லிமீட்டர். விதி வந்தால் கத்தி.

அக்காவுக்கு அட்டவணையில் ஒரு எண் உறுத்தியது. முப்பத்தொன்றுக்கு ஒன்பது. அவருடைய கை அத்தனை மோசமா? திரையில் கட்டி கழன்று மிதக்கும்போது முழுசாகப் பார்த்த ஞாபகம் நிறைய இருந்தது. ஆனால் ஞாபகம் சாட்சியாகாது. சிறு புலம்பலோடு அதை அடக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்.

மறுநாள் காலை தண்ணீர் முறையில் ஒரு கேஸ். பன்னிரண்டு மில்லிமீட்டர் கட்டி. அக்கா இறுக்கினார், டாக்டர் மின்சாரம் கொடுத்தார், கட்டி கழன்று தாமரை இதழ் மாதிரி திரையில் சுழன்றது. வழக்கம்போல அக்கா உறிஞ்சு குழாயில் ட்ராப்பை மாட்டினார். ட்ராப் என்பது வடிகட்டி வைத்த சின்ன பிளாஸ்டிக் டப்பா. கட்டியைக் குழாய் வழியாக உறிஞ்சினால் அது டப்பாவில் வந்து விழும். "உறிஞ்சுங்க டாக்டர்." உறிஞ்சினார். விழுந்தது. அக்கா டப்பாவிலிருந்து ஃபார்மலின் சீசாவுக்கு மாற்றி, மூடி, பெயர் ஒட்டினார்.

சீசாக்களைக் கீழே கொண்டுபோகிற ஆள் அன்று லீவு. அக்காவே எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினார். பத்தொன்பது வருடத்தில் அங்கே போனது மூன்றாவது முறையோ நான்காவது முறையோ.

பயாப்சி டாக்டர் வழுக்கைத் தலையை விளக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல்மாடியிலிருந்து யார் வந்தாலும் அவருக்குப் பிடிக்காது. சீசாவை வாங்கி ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். இடுக்கியால் பிரித்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"நாலு துண்டு" என்று எழுதப்போனார்.

"நாலா?" என்றார் அக்கா. "ஒண்ணுதானே சார். இப்பதான் அறுத்தேன். ஒண்ணாத்தான் வந்துச்சு."

"உங்க திரையில ஒண்ணா இருந்திருக்கும்மா. என் தட்டுல நாலா இருக்கு. நான் தட்டைப் பார்த்துத்தான் எழுத முடியும்."

"எப்பவும் இப்படியா வருது?"

"கத்தி கேஸ்னா கார்க்குல ஊசி குத்தி, மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணி அனுப்புறீங்க. முழுசா இருக்கும். தண்ணி கேஸ்னா எலி கடிச்ச மாதிரி வரும். ஓரம் எது, நடு எது, ஒண்ணும் தெரியாது. 'துண்டுகள், ஓரம் சொல்ல இயலாது'ன்னு எழுதி எழுதி எனக்கு அந்த வரியில கை ஓடுது."

அக்கா படியேறவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

குழாயின் உள்துளை எவ்வளவு அகலம் என்று நான்கு வருடம் கழுவிய அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. பன்னிரண்டு மில்லிமீட்டர் கட்டியை அதற்குள் இழுத்தால் கிழியாமல் என்ன செய்யும்? கத்தியால் உரித்ததை மட்டும் வலைப்பையில் பிடித்து, குழாயோடு சேர்த்து வெளியே இழுத்து, கார்க் பலகையில் விரித்துக் குத்தினார்கள். இரண்டு மணி நேர உழைப்பாயிற்றே. இருபது நிமிடத்தில் வந்ததற்கு அத்தனை மரியாதை கிடையாது. டப்பா போதும். ஆக, அட்டவணை ஒப்பிட்டது இரண்டு வெட்டுகளை அல்ல. ஒரு வலையையும் ஒரு டப்பாவையும்.

அந்த டப்பாவை அந்த அறைக்குக் கொண்டுவந்தது அக்காதான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, தண்ணீர் முறை தொடங்கிய புதிதில், அறுத்த ஒரு கட்டி நீரோட்டத்தில் வழுக்கிச் சிறுகுடலின் ஆழத்துக்குப் போய்த் தொலைந்தது. அந்த நோயாளிக்கு என்ன கட்டி என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை. அடுத்த வாரமே அக்கா, பெருங்குடல் கேஸ்களில் புழங்கும் ட்ராப்பை எடுத்துவந்து மாட்டினார். அதற்குப்பின் ஒரு கட்டிகூடத் தொலையவில்லை. பெரிய டாக்டர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் நொறுங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் நாத்தனார் அடுப்பு மேடையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன், மழுப்பாம சொல்லுங்க. உங்க தங்கச்சிக்கு வந்திருந்தா எதைப் பண்ணுவீங்க?"

"என் தங்கச்சி இப்படியெல்லாம் கேக்க மாட்டா. வாயை மூடிட்டு வந்து படுத்துப்பா."

"அதான் அவளுக்குக் கட்டி வரல. சொல்லுங்க."

அக்கா சொன்னார். மூன்று முறைகள், ஓட்டைகள், டப்பா, நான்கு துண்டு, தான் கொண்டுவந்த பழக்கம். எதையும் குறைக்கவில்லை. நாத்தனார் டம்ளரை மேடைமேல் வைத்தார்.

"அதாவது, ஆறு வருஷமா நல்ல பழமாப் பறிச்சு, மிக்ஸில போட்டு அடிச்சுட்டு, மரம் சரியில்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"ஆமா."

"மிக்ஸி உங்களுது."

"என்னுதுதான்."

ஹாலிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "ரெண்டு பேரும் சண்டையா?"

"உங்க பொண்டாட்டி தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கிறாங்கண்ணா. வந்து பாருங்க, திரும்பக் கிடைக்காது."

நாத்தனார் பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "அண்ணி, நான் கத்துக்கொடுக்கிற கார்ல என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு. இதுல எனக்கு ஒண்ணும் இல்ல. மயக்க ஊசி போட்டா நான் வெறும் லக்கேஜ். எனக்குக் கத்தின்னாலும் சரி, தண்ணின்னாலும் சரி. ஆனா தப்பான கணக்கைப் பார்த்துட்டு எதையும் பண்ணாதீங்க. வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க."

"ஆறு நாள்தான் இருக்கு."

"என்கிட்ட ஆறு நாள்ல லைசென்ஸ் வாங்கினவங்க இருக்காங்க."

"அவங்க ஓட்டுறதைத்தான் ரோட்ல பாக்குறேனே."

மறுநாள் அக்கா சின்ன டாக்டரைப் பிடித்தார். அறையில் நடக்கும் ஒவ்வொரு கேஸும் வீடியோவாகப் பதிவாகிறது. கட்டி சுவரிலிருந்து கழன்ற நொடியில் அது ஒன்றா, பலவா என்று வீடியோவிலேயே பார்க்கலாம். முப்பத்தொன்றையும் திரும்பப் பார்க்கவேண்டும்.

சின்ன டாக்டர் காதிலிருந்த பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டார்: "அக்கா, இது உங்க சொந்தக்காரங்க கேஸ்னு எல்லாருக்கும் தெரியும். கத்தி வேண்டாம்னு நீங்க கணக்கை மாத்துறீங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. அதனால நான் பார்க்கவே மாட்டேன். நான் பார்த்தா எனக்கு வேணுங்கிறதுதான் கண்ணுல படும். நீங்களும் கீழ இருக்கிற பயாப்சி சாரும் தனித்தனியா பாருங்க. தனித்தனித் தாள்ல எழுதுங்க. நான் வீடியோவைப் போட்டு நிறுத்துற வேலை மட்டும் பாக்குறேன். பேனா காதுல இருக்கு டாக்டர்."

பயாப்சி டாக்டரை மேலே வரவழைப்பது லேசாக இல்லை. "என் ரிப்போர்ட் தப்புன்னு நிரூபிக்க நானே வரணுமா?" என்றார். "உங்க ரிப்போர்ட் சரிதான் சார். நாங்க அனுப்பினதுதான் தப்பு. அதைச் சொல்ல உங்களை விட்டா ஆள் இல்ல" என்றார் அக்கா. அதற்குமேல் அவரால் முறைக்க முடியவில்லை. மதிய இடைவேளைகளில் வருவதற்கு ஒத்துக்கொண்டார்.

நான்கு மதியங்கள். சாப்பாட்டு டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பரீட்சை எழுதும் பிள்ளைகள்போலத் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்று வீடியோவை ஓட்டுவார், மின்சாரம் அடித்து, நுரை விலகி, கட்டி மிதக்கும் இடத்தில் நிறுத்துவார், தரையைப் பார்ப்பார். "கொஞ்சம் பின்னாடி போம்மா." "இன்னும் கொஞ்சம்." "ம்." இருபத்து மூன்றாவது வீடியோவில் பயாப்சி டாக்டர் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை நிறுத்தி, "அட, இது எவ்வளவு அழகா வந்திருக்கு. எனக்கு இதை அஞ்சு துண்டா அனுப்பினீங்களே, பாவிகளா" என்றார். பிறகு, தான் எழுதியதைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த ஒன்றை முழுசு என்று கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். அதைத் துண்டாகவே எழுதவைத்தார்.

ஊசி முறை கேஸ்களுக்கு வீடியோ பாதிக்கு மேல் அழிந்துபோயிருந்தது. சின்ன டாக்டர் அந்த வரிசையை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்றும் எழுதிவைத்தார்.

முடிவு புதன்கிழமை மதியம் வந்தது. முப்பத்தொன்றில் இருபது கட்டிகளை இருவரும் முழுசு என்றே எழுதியிருந்தார்கள். எட்டை இருவரும் துண்டு என்றார்கள். இரண்டில் ஒத்துப்போகவில்லை, அவற்றையும், நாக்கு நழுவிய அந்த ஒன்றையும் துண்டுகளோடு சேர்த்தார்கள். ஒன்பது என்று இருந்தது இருபதாயிற்று. ஆனால் அக்கா எதிர்பார்க்காத இன்னொன்றும் வெளியே வந்தது, அவ்வளவு இனிப்பாக இல்லாமல். இரண்டு சென்டிமீட்டர்வரை இருந்த இருபத்துநான்கில் பத்தொன்பது முழுசு. அதைத் தாண்டிய ஏழில் ஒன்றே ஒன்று. பெரிய கட்டிகளில் டப்பாவின்மேல் பழிபோட முடியாது. அங்கே தண்ணீர் முறையே தோற்றிருந்தது. ஒரு வருடம் கழித்துத் திரும்ப முளைத்த இரண்டும் அந்தப் பெரியவற்றில்தான்.

"அப்ப கத்திக்கும் வேலை இருக்கு" என்றார் அக்கா.

"இருக்கு" என்றார் சின்ன டாக்டர்.

"எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க."

வியாழக்கிழமை கூட்டத்தில் பதினோரு பேர். பெரிய டாக்டர் புதிய தாளை இரண்டு முறை படித்தார். கூட்டம் மேஜைமேல் இருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பழைய தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இதை யார் கிளப்பினது?"

"நான்தான் டாக்டர்" என்றார் அக்கா. எழுந்து நின்றார். "ட்ராப் மாட்டுற பழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். கட்டி தொலையக்கூடாதுன்னு பார்த்தேன். உடையுமேன்னு பார்க்கல. கீழ இறங்கி ஒரு நாள் தட்டைப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பார்க்கல."

"உங்க நாத்தனாருக்குத் திங்கட்கிழமை, இல்லையா?"

"ஆமா. பதினாறு மில்லிமீட்டர். அதுவும் தெரிஞ்சுதான் சொல்றேன். அவங்களுக்கு இருபத்தஞ்சு இருந்திருந்தா, இந்தத் தாள்படி கத்திதான். அதையும் நானே சொல்லியிருப்பேன்."

பயாப்சி டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அந்தம்மா தரையைப் பார்த்துட்டு நின்னாங்க." அவ்வளவுதான் சொன்னார், அவருக்கு அதுவே சொற்பொழிவு.

பெரிய டாக்டர் பேனாவை மூடிவைத்தார். பிறகு பழைய தாளைக் குறுக்காக மடித்தார். "சரி. ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் தண்ணி. அதுக்கு மேல கத்தி. எல்லாமே வலையில வெளிய வரணும், கார்க்குல கீழ போகணும். அடியில ஒரு குறிப்பு போடுங்க, தொழில்நுட்பக் காரணங்களால் எண்ணிக்கை திருத்தப்பட்டதுன்னு."

"என்ன காரணம்னு போடுங்க டாக்டர்."

"எதுக்கு? நம்ம மானத்தை நாமே வாங்கணுமா?"

"வேற ஊர்ல என்னை மாதிரி ஒருத்தி இப்பவும் டப்பாவை மாட்டிட்டு நிப்பா. தொழில்நுட்பம்னா அவளுக்குப் புரியாது. உறிஞ்சினதால உடைஞ்சுதுன்னா புரியும்."

சின்ன டாக்டர் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். பெரிய டாக்டர் தலையசைப்பதற்குமுன் எழுதிவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் அக்கா இரண்டாம் அறைத் தள்ளுவண்டியிலிருந்த ட்ராப்புகளையெல்லாம் அள்ளிக் கழுவும் அறை அலமாரியில் வைத்தார். இனி பெருங்குடல் கேஸுக்கு மட்டும்.

சொந்தக்காரர் மேஜையில் இருந்தால் அறைக்குள் நிற்கக்கூடாது என்பது அங்கே விதி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அக்கா கழுவும் அறையில் கையுறையோடு நின்றார். இரண்டு அறைகளுக்கும் நடுவில் பாதிக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஸ்னேரைப் பிடித்திருந்தவர் நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் டெக்னீஷியன். பன்னிரண்டு வருட அனுபவம், கதவுநிலையில் தலை இடிக்காத நாள் அபூர்வம். குழாயைப் பெரிய டாக்டரே ஓட்டினார்.

மயங்குவதற்கு முன் நாத்தனார் கதவுப் பக்கம் திரும்பி, "அண்ணி, கண்ணாடியைத் துடைச்சுக்கோங்க, மூச்சு விட்டு மங்கடிக்கிறீங்க" என்றார். அத்துடன் தூங்கிப்போனார்.

தண்ணீர் நிறைந்தது. திட்டு மிதந்தது. வளையம் விழுந்தது. நெட்டை இறுக்கினார். "பஞ்சு மாதிரிதான் இருக்கு டாக்டர்." மின்சாரம். கட்டி கழன்றது. கண்ணாடி வழியே, திரையில், அக்கா பார்த்தார்: ஒன்று. முழுசு.

அடுத்த நொடி குடல் ஒரு சுருட்டு சுருட்டியது. கட்டி சுழன்று, வளைவைத் தாண்டி, திரையிலிருந்து காணாமல் போனது.

"போச்சு" என்றார் நெட்டை. "அக்கா! ட்ராப் எங்க?"

பெரிய டாக்டர் குழாயைத் தள்ளினார். கட்டியின் ஓரம் தெரிந்தது, மறுபடி நழுவியது. "உறிஞ்சினா இப்பவே பிடிச்சிரலாம்" என்றார். "இன்னும் ஒரு வளைவு தாண்டினா குழாய் எட்டாது. ட்ராப்பைக் கொடுங்க அக்கா."

ட்ராப் அக்காவின் வலது தோளுக்குப் பக்கத்தில், அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்தது. கை நீட்டினால் போதும். உடைந்து வந்தாலும் கையில் இருக்கும். வராமலே போனால், ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த நோயாளியைப்போல, நாத்தனாருக்கும் கடைசிவரை பதில் கிடையாது.

அக்கா அலமாரியைத் தொடவில்லை. கதவைத் திறந்தார். நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார்.

"தண்ணியை நிறுத்துங்க டாக்டர். கால் மிதியிலிருந்து காலை எடுங்க. நாம விடுற தண்ணிதான் அதைத் தள்ளிட்டுப் போகுது."

டாக்டர் காலை எடுத்தார். பம்பு ஓய்ந்தது.

"குடல் அசைவை நிறுத்துற ஊசி இன்னொண்ணு போடச் சொல்லுங்க. முதல் ஊசி போட்டு அரை மணி ஆச்சு. அசைவு நின்னதும் இருக்கிற தண்ணியைக் கொஞ்சமா இழுத்துடுங்க. கட்டி தரை தட்டி நிக்கும். நெட்டை, வலையை விடு."

"அக்கா, நீங்க உள்ள..."

"நான் வெளியதான் நிக்கிறேன். கால் எந்தப் பக்கம்னு பாரு."

ஊசி போட்டார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தண்ணீர் வடிய வடிய, குழாய் எட்டும் தூரத்தின் கடைசி மடிப்பில், கட்டி ஒட்டிக்கொண்டு கிடந்தது. நெட்டை வலையை விரித்தார். முதல் முறை வழுக்கியது. இரண்டாம் முறை ஓரத்தைக் கவ்வி நழுவவிட்டது. மூன்றாம் முறை வலை மெல்ல மூடியது.

"இறுக்காத" என்றார் அக்கா. "பிடி. இறுக்காத."

குழாய் வலையோடு வெளியே வந்தது. நெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் கார்க் பலகையில் விரித்து, எட்டு ஊசிகளால் குத்தினார். பெரிய டாக்டர் மறுபடி உள்ளே போய், புண்ணின் இரு கரைகளையும் சேர்த்து ஐந்து கிளிப்புகளைப் போட்டு மூடினார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, கழுவாமல் கிடந்த குழாயை எடுத்தார். இரண்டு முறை தூரிகை துளைக்குள் நுழையவில்லை.

முதல் மூன்று நாள்தான் கண்டம். இரண்டாம் நாள் மதியம் நாத்தனாருக்கு வயிற்றில் வலி என்று கேட்டதும் அக்கா மூன்று மாடி படியேறி ஓடினார். வயிற்றை அமுக்கிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, வெறும் காற்று என்றார்கள். "உங்க அண்ணி முகத்தைப் பார்த்து எனக்குத்தான் ஓட்டை விழுந்திருக்கும்போல" என்றார் வார்டு நர்ஸ்.

ஆறாம் நாள் பயாப்சி டாக்டர் சீட்டைக் கையிலேயே கொண்டுவந்தார். மேல்மாடிக்குத் தானாக அவர் வந்ததை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரே துண்டு. பதினாறு மில்லிமீட்டர். ஆரம்பநிலைக் கட்டி, புற்று இல்லை. ஓரங்கள் சுற்றிலும் சுத்தம். மிக நெருக்கமான இடத்தில்கூடக் கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி.

அக்கா அதை வார்டுக்கு எடுத்துப்போய் வாசித்தார். நாத்தனார் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒரு மில்லிமீட்டர்தானா? ஒரு சுவர்ல இவ்வளவு நெருக்கமா காரை நிறுத்தினா நான் ஃபெயில் போடுவேன்."

"இடிச்சுதா?"

"இடிக்கல."

"அப்ப பாஸ். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை குழாய் விட்டுப் பார்ப்போம். அதுக்குள்ள யாரையும் திட்டாத."

"திட்டாம எப்படி அண்ணி பிரேக் போடச் சொல்றது?" என்றவர், அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அக்காவும் இழுக்கவில்லை.

வாசலில் நெட்டையின் தலை தெரிந்தது. "அக்கா, பதினோரு மணி கேஸ் மேஜையில இருக்கு. இருபத்தெட்டு மில்லிமீட்டர்."

"கத்தி" என்றார் அக்கா. கையை விடுவித்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரம் ஆகும். தண்ணி குடிச்சுட்டு வா, நிக்கணும்."